முக்காலுக்கும் அரைக்கும் நடுவே ஒரு சம்பந்தி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அத்தான் நலம், தண்ணீர் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் பிள்ளைகளும், நான் இன்னார் என்று சொல்லாமல் விடும் இன்னொருவரும் நலமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். தினமும் வேண்டுகிறேன். பேச்சுவார்த்தை இல்லை என்பதற்காக வேண்டுதலில் நான் யாரையும் கழிப்பதில்லை.

முதலில் சாட்சிகள். நேற்று வியாழக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் புது வீட்டுக் குளியலறைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஒன்று, நான். இரண்டு, உன் அத்தான், கையில் கடிகாரத்தோடு. மூன்று, குழாய்க்காரர், கையில் ஸ்பானரோடு. நான்கு, எங்கள் தரையைத் தன் கூரையாகக் கொண்ட கீழ்வீட்டு அம்மா, தன் வீட்டில் ஒழுகிய தண்ணீரை அத்தாட்சிக்காகப் பிடித்துவந்த சொம்போடு. ஐந்து, குடியிருப்போர் சங்கச் செயலாளர், கையில் ஒன்றும் இல்லாமல், ஆனால் மடிப்புக் கலையாத சட்டையோடு. அறை ஆறடிக்கு நாலடி. கடவுளும் இருந்திருப்பார், அவருக்கு இடம் தேவையில்லை என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. நடந்ததை நாளைக்கு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், அதனால்தான் இத்தனை துல்லியம்.

நாம் பேசிக்கொள்ளாமல் இருந்த இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் வீடு வாங்கிவிட்டோம் என்பது உனக்கு யார் மூலமாகவாவது தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷ வாடகைக்குப் பிறகு முதல் சொந்த வீடு. மூன்றாம் மாடி, பழைய கட்டடம், முன்பு இருந்தவர்கள் பல்பைக்கூட விட்டுவைக்காமல் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாடகை வீட்டுச் சாவியை ஒப்படைத்தாக வேண்டும்; அடுத்த குடித்தனம் இப்போதே வாசலில் வந்து ஜன்னலுக்கு அளவெடுக்கிறது. அதற்குள் இங்கே தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் உன் அக்காவும் அத்தானும் திங்கள் காலை பல் தேய்ப்பது பஸ் ஸ்டாண்டில். இது விளையாட்டுப் பேச்சு இல்லை, தம்பி.

நம் குடும்பமே குழாய் சாமான் விற்கும் குடும்பம், கடையை ஒரு பஸ் தூரத்தில் வைத்துக்கொண்டு இவள் ஏன் அங்கே வரவில்லை என்று நீ கேட்கலாம். கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். போன வருஷம் உன் கடையில் இரண்டு வாளியும் ஒரு துடைப்பமும் ஒரு டஜன் வாஷரும் எடுத்தேன். உன் மனைவி பில் போட்டாள். கூடப் பிறந்தவளுக்குப் பில்லா என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. பில் போடுவது நல்ல பழக்கம். ஆனால் கூட்டல் தப்பு. ஏழு ரூபாய் குறைந்தது. நான் சொன்னேன். கடையில் ஆறு பேர் நின்றார்கள், ஒரே இரைச்சல், அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். "ஏழு குறையுதேம்மா, இப்படிக் கணக்கு எழுதினா கடை என்னத்துக்கு ஆகும்?" நல்லதுக்குத்தானே சொன்னேன்? நீ சிரித்தாய். முகம் சுண்டி உள்ளே போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. வாசலில் நின்று, "கணக்கு வராதவள கல்லாவுல உக்கார வெக்காதே" என்று நான் உன்னிடம் சொன்னது உண்மை. அவள் காதில் விழும் என்று எனக்குத் தெரியாது என்பதும் ஏறக்குறைய உண்மை. அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை.

ஆக, உன் கடைக்கு வந்தால் அவள் பில் போடுவாள், நான் கூட்டிப் பார்ப்பேன். கூட்டிப் பார்க்காமல் இருக்க என் கை ஒத்துழைக்காது. கான்ட்ராக்டர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு குளியலறையை ஆளோடு சேர்த்து வாங்கலாம். அதனால், "சாமான் பூரா நானே போன்ல வாங்குறேன், பாதி விலையில முடிக்கிறேன்" என்று உன் அத்தானிடம் சபதம் செய்தேன். அவர் டிப்போவில் முப்பது வருஷம் பஸ் வரும் நேரம் போகும் நேரம் குறித்தவர், எதையும் மறுக்க மாட்டார், குறித்துக்கொள்வார். "சரி, மணி நாலு பத்து" என்றார்.

அக்கா பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் எழுத்துப் படித்து, மளிகைச் சீட்டில் கணக்குப் படித்தவள். போனையும் அப்படியே படித்தேன். அந்த ஆன்லைன் கடை முழுக்கத் தமிழில் இருந்தது, ஆனால் அது மனுஷர் பேசும் தமிழ் இல்லை, இயந்திரம் பேசும் தமிழ். குளியலறைக்குக் குழாய் வேண்டும் என்று "குழாய்" என்று தேடினேன். "வளையும் தன்மை கொண்ட குழாய், பச்சை" என்று ஒன்று வந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று சந்தோஷமாக வாங்கினேன். முப்பது அடி வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய். எங்களிடம் இருப்பது மூன்றாம் மாடியில் ஒரு கற்றாழைத் தொட்டி. அப்புறம்தான் தெரிந்தது, திறந்து மூடும் குழாய்க்கு அந்தக் கடையில் பெயர் "தட்டு". ஆங்கிலத்தில் குழாய்க்கும் தட்டுவதற்கும் "டாப்" என்று ஒரே சொல்லாம், இயந்திரம் கதவு தட்டுகிற தட்டை எடுத்துக்கொண்டுவிட்டது. "பித்தளைத் தட்டு, நீண்ட கழுத்து, ஒரு கையால் இயக்கலாம்" என்பதைச் சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்து மூன்று நாளாய்த் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. "கண்ணாடிக் கதவுடன் கூடிய குளியலறை அமைச்சரவை, ஈரத்திலும் ஊழல் அடையாது, எளிதில் கவிழாது" என்று ஒன்று. உன் அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "மந்திரிசபைய குளிக்கிற ரூம்ல வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?" என்றார். நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சோப்பு சீப்பு வைக்கிற அலமாரி. மந்திரிசபைக்கும் அலமாரிக்கும் ஆங்கிலத்தில் "கேபினெட்" என்று ஒரே சொல் போலும். நாலு திருகில் அவரே சுவரில் மாட்டினார். அது எத்தனை நாள் நின்றது என்பது பின்னால் வருகிறது.

இத்தனை குழப்பத்திலும் கடவுள் எனக்கு ஒரு துணையை அனுப்பினார், அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். எதைத் தேடினாலும் மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு ஊற்றுக்கண் ஸ்டோர்ஸ் என்று ஒரு விற்பனைக்காரர் போட்டிருப்பார். அவர்களுக்கு "உதவி மேசை" என்று ஒன்று உண்டு. நாம் எழுதிக் கேட்டால் எதிர்ப்பக்கம் ஓர் அம்மாள் எழுதிப் பதில் சொல்வாள். நான் அவளுக்கு மேசையம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். என்ன பொறுமை, என்ன பண்பு! ரப்பர் குழாயைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். எந்தத் தட்டு உள்ளே பித்தளை, எது வெளியே மட்டும் பளபளப்பு என்று தன் கடைச் சாமானையே குறை சொல்லி எனக்கு நல்லதைக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் பில் தொகை நான் கூட்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. கூட்டல் தப்பு என்று விடாமல் எழுதினேன். "அது சிறப்பு வாடிக்கையாளர் சலுகை மேடம்" என்றாள். பெரிய கம்பெனி, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவளிடம் நான் மனம் விட்டுப் பேசியிருக்கிறேன் என்பதை மறைக்க மாட்டேன். "எங்க தம்பி பொண்டாட்டியும் கடையிலதான் உக்கார்றா, உங்களுக்கு இருக்கிற பொறுமையில கால்வாசி அவளுக்கு இருந்தா நான் ஏன் போன்ல வாங்கப்போறேன்?" என்று எழுதினேன். "எழுதுகிறார்" என்று மூன்று தடவை வந்து வந்து மறைந்தது. பிறகு, "அவங்க என்ன பண்ணாங்க மேடம்?" என்று வந்தது. சொன்னேன். வாளி, வாஷர், ஏழு, முகம் சுண்டியது, எல்லாம். "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று பதில் போட்டாள். அந்நியப் பெண், ஆனாலும் கேட்கிற மனசு இருக்கிறது பார்.

இனி நேற்றைக்கு வருகிறேன். புதன்கிழமையே குழாய்க்காரர் அந்தப் பித்தளைத் தட்டைச் சுவர்க் குழாயில் மாட்டிப் பார்த்திருந்தார். சுவருக்குள் இருப்பது முக்கால் அங்குலம், தட்டின் வாய் அரை அங்குலம். நூல் சுற்றினார், டேப் சுற்றினார், மேலே மறுபடி நூல் சுற்றினார், கடைசியில் அது கையில் அடிபட்டவன் கட்டுப்போட்ட மாதிரி ஆனது. இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. காலையில் கீழ்வீட்டு அம்மா சொம்போடு மேலே வந்துவிட்டார். "இது உங்க தண்ணி, எங்க வீட்டு கூரையில இருந்து எடுத்தேன், ருசி பாக்கிறீங்களா?" என்றார். அவர் குரல் கேட்டுச் செயலாளர் வந்தார். எல்லோரையும் குளியலறைக்குள் கூட்டிப்போய்ச் சமாதானம் சொல்லலாம் என்று நினைத்தது என் புத்தி.

இந்த இடத்தில் கழிவறை இருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மெதுவாக மூடும் இருக்கை" என்று வாங்கியது. கையை எடுத்துவிட்டால் மூடி தானாக, சத்தமில்லாமல், ஆடி அசைந்து இறங்கும். உன் அத்தானுக்கு அதில்தான் உயிர். வந்த நாளிலிருந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு அது மூடுவதைக் குறிக்கிறார். பதினொரு விநாடி. தாமதமில்லை, முந்துவதில்லை, எங்க டிப்போவுல ஒரு வண்டிகூட இப்படி இல்லை என்பார். நேற்றும், கீழ்வீட்டு அம்மா சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் ஓரமாகப் போய் மூடியைத் தூக்கி நிறுத்திவைத்தார், சண்டை முடிந்ததும் செயலாளருக்குக் காட்டலாம் என்று.

குழாய்க்காரர் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினார். "இப்ப பாருங்க, யானை வந்து இழுத்தாலும் வராது." நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவர் வால்வைத் திறந்தார். யானைக்கு வேலையே இல்லை தம்பி. தட்டு சுவரை விட்டுப் பறந்தது. பின்னாலேயே தண்ணீர், கை மொத்தத்துக்கு. நேரே செயலாளர் சட்டை. அவர் பின்னால் சாய்ந்து பிடிமானத்துக்குப் பிடித்தது அமைச்சரவையை. அது நாலு திருகோடு கவிழ்ந்தது, ஒன்பது நாள் ஆட்சி. பறந்த தட்டு எதிர்ச்சுவரில் பட்டு, என் தோளுக்கு மேலே போய், கழிவறைக் கோப்பைக்குள் டொங் என்று விழுந்தது. அந்த அதிர்ச்சியில் இருக்கை மூடி அசைந்தது. அசைந்து, இறங்க ஆரம்பித்தது. மெதுவாக. மரியாதையாக. குழாய்க்காரர் வால்வைப் பிடித்துக்கொண்டு, கீழ்வீட்டு அம்மா சொம்பைப் பிடித்துக்கொண்டு, நனைந்த செயலாளர் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஐந்து பேரும் அது மூடி முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் உன் அத்தான்தான் பேசினார். "பதினொண்ணு" என்றார்.

பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். இந்த வீட்டு வேலை ஆரம்பித்ததிலிருந்து அது நாற்பத்தோராவது தடவை. எப்போது சொன்னார் என்று ஒரு தடவைகூட நேரம் குறித்துவைக்கவில்லை.

செயலாளர் எங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரை மொட்டை மாடியிலேயே அடைத்துப் பூட்டுப் போட்டுவிட்டார். சரியான பொருத்தம் போட்டு, அவர் நேரில் வந்து பார்த்தால்தான் திறப்பாராம். குழாய்க்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "இது பழைய மரைம்மா. இந்த மாதிரி திருகு இப்ப யாரும் போடுறதில்ல. நடுவுல ஒண்ணு வேணும். ஒரு வாய் முக்கால், ஒரு வாய் அரை."

"சம்பந்தியா?" என்றேன்.

"யாரும்மா சம்பந்தி?"

நம் அப்பா வைத்த பெயர் என்று அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வீட்டை நடுவில் நின்று சேர்த்துவைக்கிறதால் அது சம்பந்தி. நம் கடையைத் தவிர வேறு எங்கே போய்க் கேட்டாலும் புரியாது. குழாய்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பேரு எதுவோ, பழைய மரையில அது ஒரே ஒரு கடையிலதான் இருக்கும்" என்று உன் கடையைச் சொன்னார். "வேற கடை சொல்லுங்க" என்றேன். "வேற வீடு பாருங்க" என்றார்.

நான் விட்டேனா? மேசையம்மாவுக்கு எழுதினேன். படமும் அளவும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "உங்களுக்கு வேண்டியது சம்பந்திதானே மேடம்?" தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா விளையாட்டாக வைத்த பெயர் எவ்வளவு தூரம் பரவி, பெரிய கம்பெனிக்காரர்கள் வாயில்கூட வருகிறது பார். அதற்குக் கீழே இன்னொரு வரி: "கவலைப்படாதீங்க அண்ணி, ஒண்ணே ஒண்ணு இருப்புல இருக்கு." மேடம் என்பதை அண்ணி என்று மொழிபெயர்த்திருக்கிறது. இயந்திரத்துக்கு எங்கே தெரியும் யாருக்கு யார் அண்ணி என்று. அலமாரியை மந்திரிசபை என்று சொன்னது அல்லவா, அதோடு சேர்த்து மன்னித்துவிட்டேன்.

ஆனால் பார்சல் ஞாயிற்றுக்குள் வருமோ வராதோ. அதனால்தான், நன்றாக யோசித்து, வேண்டிக்கொண்டு, இதை எழுதுகிறேன். உன் கடையில் பின்பக்க அலமாரியில் அப்பாவின் மரப்பெட்டி இருக்கும். அதில் பழைய மரைச் சம்பந்தி ஒன்று இருந்தால் அனுப்பு. சும்மா வேண்டாம், பில் போட்டு அனுப்பு. பில்லை நீயே எழுது. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, கூட்டல் சரியாக இருக்கட்டும் என்றுதான். அவளிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. யாரோ ஒரு வாடிக்கையாளர் என்று சொல். போனில் கேட்டிருக்கலாம், நீ எடுக்க மாட்டாய்; எடுத்தாலும் உன் குரல் கேட்டால் நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ சிரித்துவிடுவாய். உன் அத்தானின் பழைய சிநேகிதர் ஓட்டும் மாலை பஸ்ஸில் இந்தக் கடிதம் வருகிறது. உன் கடை வாசலில்தான் நிற்கும்.

உன் கடையில் கூட்டமும் உன் வீட்டில் அமைதியும் இடம் மாறாமல் இருக்கவும், பிள்ளைகள் படிப்பில் ஒழுகாமல் நிலைக்கவும், உங்கள் எல்லோர் தலைக்கு மேலும் இறைவன் கை இருக்கவும் வேண்டும்

உன் அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டும்போது பார்சல்காரர் மணி அடித்தார். சம்பந்தி வந்துவிட்டது. பித்தளை, எண்ணெய் போட்டுத் துடைத்தது. அதைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். நம் கடைப் பில். மேலே அப்பா பெயர். கீழே உன் மனைவி கையெழுத்து, அவள் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுப்பாளே, அதே. சம்பந்தி ஒன்று, நூல் ஒரு கண்டு, வாஷர் நான்கு. கூட்டினேன். ஏழு குறைந்தது. அடியில் எழுதியிருக்கிறாள்: "அண்ணி, கூட்டிப் பாருங்க."

தரையில் உட்கார்ந்துவிட்டேன் தம்பி. ஊற்றுக்கண் ஸ்டோர்ஸ் உன் மனைவி. மேசையம்மா உன் மனைவி. உன் மனைவியைப் பற்றி உன் மனைவியிடமே நான் எழுதிய புகாரைப் போனில் மேலே தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. பதினான்குக்கும் என் கருத்து மிக முக்கியம் என்றிருக்கிறாள். பழைய பார்சல் பில் எல்லாம் எடுத்து விரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏழு. போன வருஷ வாளிக்கும் ஏழு. அது தப்பே இல்லையடா. உனக்கும் தெரியாமல் எனக்கும் தெரியாமல் அவள் நாத்தனாருக்குக் குறைத்துக் கொடுத்தது. அதை ஆறு பேர் முன்னால் நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஆகவே மேலே எழுதிய எதுவும் செல்லாது. சாட்சிகளையும் பதினொரு விநாடியையும் மட்டும் வைத்துக்கொள். "கணக்கு வராதவள்" என்ற இடத்தை அவள் கண்ணில் படும் முன் நீயே மையால் அடித்துவிடு. பட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு ஏற்கனவே தெரியும், நான்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

குழாய்க்காரர் சம்பந்தியை மாட்டிவிட்டார். நூலே சுற்ற வேண்டியிருக்கவில்லை. செயலாளர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேறு சட்டையில் வந்து தண்ணீரைத் திறக்கிறார், கீழ்வீட்டு அம்மா சொம்பில்லாமல் வருகிறேன் என்றிருக்கிறார், உன் அத்தான் மூடியை இப்போதே தூக்கி நிறுத்திவிட்டார். தட்டை அவள் கையால்தான் திறக்க வேண்டும். அந்த ஐந்து பேரோடு நீயும் அவளும் சேர்ந்தால் அறையில் ஏழு பேர். இந்தத் தடவை குறையக் கூடாது. வருகிறீர்களா என்று நாளைக் காலை பஸ்ஸிலேயே பதில் அனுப்பு.